முதல் பச்சோந்தி: நம்ம ஊர் வெயில்ல பண்ணக் கூடாத தப்புங்க

வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைன்னு சொல்லுவாங்கள்ல, நான் பச்சோந்தி வளக்கப் போறேன்னு சென்னை தண்டையார்பேட்டை வீட்ல சொன்னப்ப எங்க ஆயா அதத்தான் சொல்லுச்சு. "இன்னாடா, நாய் பூனை ஒண்ணும் கெடைக்கலியா ஒனக்கு?" அது சொன்னது தப்புன்னு இப்பவும் என்னால அடிச்சு சொல்ல முடியல, ஏன்னா மொத வருஷம் நான் பண்ணது எல்லாமே தப்புதான், அதுல பாதி பாசத்துல பண்ண தப்பு, மீதி பாதி குளிர் நாட்டுக்காரன் போட்ட வீடியோவ பாத்து அப்படியே பண்ண தப்பு.

நம்ம தெருல பச்சோந்தின்னு காட்றதுல முக்காவாசி ஓணான். செவுத்துல ஏறி தலைய ஆட்டிக்கிட்டு கழுத்து செவந்து நிக்குதுன்னா அது ஓணான். பச்சோந்திக்கு கண்ணு கூம்பு மாதிரி துருத்திக்கிட்டு ரெண்டும் தனித்தனியா சுத்தும், விரலுங்க ரெண்டு கட்டா சேந்து இடுக்கி மாதிரி கிளைய புடிக்கும். செங்குன்றம் பக்கம் புதர்ல புடிச்சேன், ஐந்நூறு ரூபா குடு போதும்னு யாராச்சும் நிஜ பச்சோந்தியவே கொண்டாந்து காட்டுனா கைய கூட நீட்டாதீங்க. நம்ம நாட்டு பச்சோந்தி 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வருது, வீட்ல வெச்சிருந்தா கேஸ்தான். அப்போ வெளிநாட்டு ஜாதி? ஏமன் பக்கத்து வெய்ல்ட், மடகாஸ்கர் பேந்தர், இதெல்லாம் உலக அளவுல வியாபாரக் கட்டுப்பாடு இருக்கிற லிஸ்ட்ல இருக்கு, 2024ல வந்த விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ்ங்கிற ஆன்லைன் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். விக்கிறவர் கிட்ட பேப்பர் கேளுங்க, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி"ன்னு சொன்னா அப்புறமாவே வாங்கிக்கலாம்னு கெளம்பிடுங்க. பாங்காக் ஃப்ளைட்ல பொட்டில அடைச்சு வந்து ஏர்போர்ட்ல மாட்டுற கதை நியூஸ்ல வந்துக்கிட்டேதான் இருக்கு.

சரி, பேப்பரோட வாங்கியாச்சு. அடுத்து எல்லாரும் பண்றது ஹீட் லேம்ப். வீடியோல வர்ற ஆளு வெளிய பனி கொட்டுற ஊர்ல உக்காந்துக்கிட்டு 100 வாட் பல்ப் போடுங்கன்னு சொல்றான், நாம அத ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி ரூம்ல மே மாசத்துல போடுறோம். நானும் போட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து பாத்தா மணி (என் பச்சோந்தி பேரு) வெளுத்துப் போய், கிட்டத்தட்ட மோர் கலர்ல, வாய தொறந்து வெச்சுக்கிட்டு கூண்டோட அடிப்பக்கம் வந்து தொங்குது, எப்பவும் உச்சிக் கிளைய விட்டு இறங்காத ஜந்து அது. தெர்மாமீட்டர்ல 39. வெய்ல்டுக்கு குளிர் காயுற எடமே 30, 32 டிகிரி இருந்தா போதும், மத்த எடம் 25 பக்கம் இருக்கணும், ராத்திரி இன்னும் குறையணும். நம்ம ஊர் ராத்திரி கோடைல அவ்வளவு குறையவே குறையாது. அதனால இங்க நம்ம கவலை சூடு ஏத்துறது இல்ல, இறக்குறது. டிசம்பர், ஜனவரி காலைல மட்டும் சின்ன பல்ப் போட்டா போதும், கோடைல வீட்லயே குளுமையான ரூம், முடிஞ்சா ஏசி ரூமு, ஆனா ஏசி காத்தும் ஃபேன் காத்தும் நேரா மேல படக் கூடாது. இதெல்லாம் நம்ம வீட்ல நடக்காதுன்னா வாங்காதீங்க, கோவிச்சுக்காதீங்க. கென்யா மலைல இருக்கிற மூணு கொம்பு ஜாக்சன் பச்சோந்திய பாத்து ஆசைப்படுறவங்களுக்கு இன்னும் கறாரா சொல்றேன், அது மலைக்குளிர் ஜாதி, நம்ம வெயில் அதுக்கு ஆகவே ஆகாது. எந்தப் பச்சோந்திக்கும் ராத்திரி செவப்பு பல்பும் வேணாம், கும்மிருட்டு வேணும்.

கூண்டு. கொளத்தூர் பக்கத்துல இருக்கோம், மீன் தொட்டி சல்லிசா கெடைக்குது, அதுலயே போட்டுரலாம்னு தோணும். தோணக் கூடாது. கண்ணாடி தொட்டில காத்து நிக்கும், அதோட கண்ணாடில தெரியிற தன்னையே இன்னொரு பச்சோந்தின்னு நெனச்சு நாள் பூரா டென்ஷன்ல இருக்கும். வளந்த ஆணுக்கு ரெண்டடி அகலம், ரெண்டடி ஆழம், நாலடி உயரத்துல நாலு பக்கமும் வலை போட்ட கூண்டு வேணும். நைலான் கொசுவலை நெகத்துல கிழிஞ்சுரும், பூச்சியும் கடிச்சு ஓட்டை போடும், அலுமினிய வலை போட்டு பழைய ஆசாரி யாராச்சும் ஒருத்தர்கிட்ட ஃப்ரேம் அடிச்சா வேலை முடிஞ்சுது. உள்ள செம்பருத்தி தொட்டி ஒண்ணு, மணி பிளான்ட் ஒண்ணு. வெய்ல்ட் இலையையும் தின்னும், அதனால நர்சரில மருந்தடிச்ச செடிய நல்லா கழுவி ரெண்டு வாரம் வெளிய வெச்சிட்டு அப்புறம் உள்ள வைங்க. அரளி மட்டும் வேணவே வேணாம், விஷம்.

தண்ணி விஷயத்துலதான் நெறைய உசுரு போகுது. கிண்ணத்துல தண்ணி வெச்சா அதுக்கு அது தண்ணின்னே தெரியாது, இலைல சொட்டுற, மின்னுற துளியத்தான் நக்கிக் குடிக்கும். கிண்ணம் நெறய தண்ணி இருக்கும், பக்கத்துலயே அது வறண்டு சாகும். மெடிக்கல்ல க்ளூக்கோஸ் ஏத்துற டியூப் வாங்கி ஒரு பாட்டில்ல மாட்டி, அந்த உருளைய திருகி ரெண்டு செகண்டுக்கு ஒரு சொட்டு இலை மேல விழுற மாதிரி வைங்க. மொத நாள் மணி பத்து நிமிஷம் ஒரு கண்ணால என்னையும் ஒரு கண்ணால சொட்டையும் பாத்துச்சு, அப்புறம் மெதுவா மூஞ்சிய நீட்டி கால் மணி நேரம் நிறுத்தாம குடிச்சுச்சு, எனக்கு வெக்கமா போச்சு, அதுக்கு முந்தி நாலு நாளா கிண்ணம்தான் வெச்சிருந்தேன். எங்க போர் தண்ணி உப்பு, அடிச்சா இலை மேல வெள்ளையா பொரிஞ்சு நிக்கும், அதனால கேன் தண்ணிதான். கண்ணு உள்ள போயிருந்தாலோ, கழிவுல வெள்ளையா இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சா இருந்தாலோ தண்ணி பத்தலன்னு அர்த்தம்.

அதுக்குன்னு நாள் முழுக்க ஸ்ப்ரே அடிக்காதீங்க. கடல் காத்துல நம்ம ஏரியாவே ஈரம், அதுல மத்தியானமும் நனச்சுக்கிட்டே இருந்தா நெஞ்சுல சளி புடிச்சுக்கும், தலைய மேல தூக்கி வாய தொறந்து மூச்சு விடும், வாய்ல நொரை வரும். காலைல ஒருவாட்டி, ராத்திரி லைட் அணைக்கிறப்ப ஒருவாட்டி, நடுவுல கூண்டு காயணும்.

யூவிபி (வெயில்ல வர்ற ஒரு வகை புற ஊதா கதிர்) விடுற லைட் வாங்காம மீன் தொட்டி லைட்ட போட்டு ஏமாத்துறது அடுத்தது. யூவிபி படலன்னா ஒடம்புல வைட்டமின் டி3 உண்டாகாது, டி3 இல்லன்னா கால்சியம் எலும்புல சேராது, கால் வில்லு மாதிரி வளைஞ்சு தாடை மெத்துன்னு ஆயிடும், வளைஞ்சது திரும்ப நிமிராது. நல்ல டியூப் லைட்டே ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள யூவிபி விடுறத கொறச்சுரும், கண்ணுக்கு வெளிச்சம் அப்படியேதான் தெரியும், அதுதான் கோளாறு. ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயிலும் கணக்குல சேராது. காலைல எட்டு மணி வாக்குல கூண்டோட மொட்டை மாடிக்கு எடுத்துட்டு போங்க, பாதி கூண்டு நெழல்ல இருக்கணும், நீங்களும் அங்கயே இருக்கணும், காக்கா சும்மா விடாது.

சாப்பாட்டுக்கு அரவானா மீனுக்குப் போடுற கிரிக்கெட் பூச்சியும் சூப்பர் வார்ம்னு ஒரு புழுவும் கெடைக்குது. பச்சோந்தியோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற அகலத்த விட பெரிய பூச்சி வேணாம். பூச்சிக்கு மொதல்ல கீரை, கேரட் போட்டு வயித்த ரொப்பி, அப்புறம் டி3 இல்லாத கால்சியம் பவுடர்ல பெரட்டி குடுங்க, டி3 கலந்தது மாசத்துக்கு ரெண்டு வாட்டி போதும். நமக்கு டாக்டர் எழுதுற கால்சியம் மாத்திரைய பொடி பண்ணி போடுறாங்க, அதுல பெரும்பாலும் டி3 சேந்தே இருக்கும், தினமும் போனா அதிகமாயிடும். வீட்டுக் கரப்பான புடிச்சுப் போடாதீங்க, எந்த பூச்சி மருந்து சாக்பீஸ் கோட்டத் தாண்டி வந்துதோ. தெருல கொசு மருந்து புகை அடிக்கிற வண்டி சத்தம் கேட்டா ஜன்னல சாத்துங்க, ரெண்டு நாளைக்கு வெளிய புடிச்ச பூச்சி எதுவும் வேணாம். மின்மினி எப்பவுமே வேணாம், ஒண்ணே கொன்னுரும்.

அப்புறம் இந்த கலர் பைத்தியம். வீட்டுக்கு வர்ற பசங்க எல்லாம் செவப்பு சட்டை மேல விட்டு "மாறுதா பாரு"ன்னு நிப்பானுங்க. அது சட்டைய பாத்து மாறாது, கோவம், பயம், சூடு, குளிர், ஜோடி, இதுக்குத்தான் மாறும். தோலுக்குள்ள இருக்கிற குவானின்ங்கிற பொருளோட குட்டிக் குட்டி படிகங்களோட இடைவெளி கூடி கொறையறதாலதான் கலர் மாறுதுன்னு ஜெனீவா பல்கலைக்கழகத்துக்காரங்க 2015ல பேந்தர் பச்சோந்திய வெச்சு காமிச்சாங்க. நீங்க கைல எடுத்ததும் கருத்துப் போச்சுன்னா அது வித்தை காட்டல, என்ன விடுடான்னு சொல்லுது. இது கொஞ்சுற பிராணி இல்ல, பாக்குற பிராணி. தொணைக்கு இன்னொண்ணு வாங்கி அதே கூண்டுல விடுறதும் அதே மாதிரி தப்புதான், அதுக்கு அது தொணை இல்ல, பங்காளி.

பகல்ல கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க, ஊர்வன பாக்குற டாக்டர் யாருன்னு வாங்குறதுக்கு முந்தியே விசாரிச்சு வைங்க, எல்லா நாய் டாக்டரும் இத பாக்க மாட்டாங்க.

கடைசியா பெண் பச்சோந்தி வாங்குனவங்களுக்கு, ஏன்னா இத எனக்கு யாரும் சொல்லல. பெண் வெய்ல்ட் ஆணே பாக்காம இருந்தாலும் முட்டை போடும், முப்பது நாப்பது கூட போடும், தோண்ட எடம் இல்லன்னா உள்ளயே அடக்கி வெச்சுக்கிட்டு செத்துரும். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் போட்ட பக்கெட் ஒண்ணு எப்பவும் கூண்டுல இருக்கணும். பிரண்டு ஒருத்தன் காசிமேட்டு பீச் மணல அள்ளிக்கிட்டு வந்தான், அது உப்பு, வேணாம், வீடு கட்டுற ஆத்து மணல நாலு தண்ணி விட்டு அலசுங்க. விரல விட்டு சுரங்கம் மாதிரி நோண்டி பாருங்க, இடியாம நின்னா ஈரம் சரி. அது தோண்டுறப்ப கூண்டு மேல துணிய போட்டு மூடிட்டு தள்ளிப் போயிடுங்க, யாராச்சும் பாக்குறாங்கன்னு தெரிஞ்சா பாதில நிறுத்திடும்.