அனார்க்கிசம்: ஆங்கில வாக்கியத்தில் எங்கே பொருந்தும்?

அரசு கவிழ்ந்து, நகரம் முழுக்கக் கொள்ளை நடந்ததைப் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ‘த சிட்டி டிசென்டட் இன்டு அனார்க்கிசம்’ என்று எழுதினேன். திருத்தியவர் அந்தச் சொல்லின் கடைசி மூன்று எழுத்தை அடித்துவிட்டு, ஒரே ஒரு ‘ஒய்’ போட்டிருந்தார். அதாவது, அனார்க்கி; ஆட்சி இல்லாத குழப்ப நிலை.

முதல் படி, பொருள். கிரேக்கத்தில் ‘அன்’ என்றால் இல்லாத, ‘ஆர்க்கோஸ்’ என்றால் ஆள்பவர். பின்னால் ‘இசம்’ வந்தால் அது கொள்கை. அரசு இல்லாமல், மக்கள் தாமே விரும்பிக் கூடி வாழ்க்கையை நடத்த முடியும் என்ற கொள்கை.

இரண்டாம் படியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். தமிழில் எந்த அநியாயத்தைப் பார்த்தாலும் ‘என்ன அராஜகம் இது!’ என்கிறோம். அந்தப் பழக்கத்தில் கலவரம், கொள்ளை எல்லாவற்றையும் அனார்க்கிசம் என்று எழுதிவிடுகிறோம். ஒரு கொள்கைக்காரரைக் கொள்ளைக்காரர் ஆக்குகிற பிழை இது; லேசாக விடக்கூடாது.

இப்போது நான் செய்யும் சோதனை: அந்த இடத்தில் ‘சோஷலிசம்’ வைத்துப் படியுங்கள். ‘தே பிலீவ்ட் இன் சோஷலிசம்’ சரியாக நிற்கிறதா? அப்படியானால் அங்கே அனார்க்கிசமும் நிற்கும். ‘கேயாஸ்’ (பெருங்குழப்பம்) வைத்தால்தான் பொருந்துகிறது என்றால், உங்களுக்கு வேண்டியது அனார்க்கி.

மூன்றாவது, முன்னால் ‘ஆன்’ போடாதீர்கள். கொள்கையை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. ஆளை எண்ணலாம், அதனால் ‘ஆன் அனார்க்கிஸ்ட்’ சரி. 1916-இல் காசியில் காந்தி பேசியது நினைவில் நிற்கும்: ‘ஐ மைசெல்ஃப் ஆம் ஆன் அனார்க்கிஸ்ட், பட் ஆஃப் அனதர் டைப்.’

துணைக்கு வரும் வினைகள்: அட்வகேட், எம்பிரேஸ், ரிஜெக்ட். வகையைச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ஓர் அடைமொழி, ‘கிறிஸ்டியன் அனார்க்கிசம்’ போல.

ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்தச் சொல்லுக்கு எனக்கு உதவவில்லை. கற்பவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதியே மேல். எண்ண முடியாத பெயர்ச்சொல் என்ற குறிப்பும் மாதிரி வாக்கியமும் அதில் இருக்கும். அப்புறம், 1910-இல் வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் 11ஆம் பதிப்பின் முதல் தொகுதியில் இந்தத் தலைப்பில் எழுதியவர் குரோபோட்கின். அவரே அந்தக் கொள்கைக்காரர். அந்தச் சொல் வரும் வாக்கியங்களை அதிலிருந்து எடுத்து நோட்டில் எழுதிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: உச்சரிப்பைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். தமிழில் எழுதும்போது ‘னா’ நீண்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில். அடுத்தது ‘னர்’ என்று குறுகும். ‘அனார்க்கிக்’ என்ற பெயரடையில் மட்டும் அழுத்தம் ‘னார்’ மேல் விழும். நடுவில் வரும் ‘சி, எச்’ எழுத்துகளுக்கு எங்கேயும் ‘ச்’ ஒலி வராது, ‘க்’ தான்.