நிலத் தகராறு சமரசமான பிறகு கிரிமினல் வழக்கை ரத்து செய்வது எப்படி?

வரப்புச் சண்டை பேசி முடிந்துவிட்டது. ஆனால் அதையொட்டிப் போட்ட கிரிமினல் வழக்கு அப்படியே நிற்கிறது. புகார் கொடுத்தவர் ஸ்டேஷனில் 'வாபஸ்' என்று எழுதிக் கொடுத்தால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். எஃப்ஐஆர் பதிவானதும் வழக்கு அரசுடையது. அந்தக் கடிதத்தால் மட்டும் வழக்கு முடியாது.

முதலில் எஃப்ஐஆர் அல்லது குற்றப்பத்திரிகையில் உள்ள பிரிவுகளைப் பாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 323 (அடித்தல்), 447 (அத்துமீறி நுழைதல்) ஆகியவற்றை மாஜிஸ்திரேட் முன்பே சமரசம் செய்துகொள்ளலாம், விளைவு விடுதலைதான். 420-க்கு (மோசடி) நீதிமன்ற அனுமதி வேண்டும். சிக்கல் 294(பி)-யில். நிலச் சண்டை எஃப்ஐஆர்களில் ஆபாசமாகத் திட்டியதாக இந்தப் பிரிவு அடிக்கடி சேர்ந்திருக்கும். இது சமரசத்துக்கு உட்படாதது. போலிப் பத்திரம் தொடர்பான 467, 468, 471-ம் அப்படியே. இப்படி ஒரு பிரிவு இருந்தாலும் முழு வழக்கும் முடிய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

அங்கே போடுவது குவாஷ் மனு, அதாவது வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528. தென் மாவட்டங்களுக்கும் திருச்சி, தஞ்சை, கரூர், புதுக்கோட்டைக்கும் மதுரைக் கிளை. மற்ற மாவட்டங்களுக்குச் சென்னை.

மனுவுக்கு முன் நிலத்தை முடியுங்கள். எங்கள் அழுத்தமான கருத்து இது. சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள். பாத்தியதை கைமாறினால் வெள்ளைத்தாள் ஒப்பந்தம் செல்லாது. விடுதலைப் பத்திரமோ பரிவர்த்தனைப் பத்திரமோ பதிவாக வேண்டும். சிவில் வழக்கு நிலுவையில் இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 23 விதி 3-ன் கீழ் சமரசத் தீர்ப்பாணை வாங்குங்கள். போலிப் பத்திர வழக்கு ரத்தானாலும் அந்தப் பத்திரம் வில்லங்கச் சான்றில் நிற்கும். ரத்துப் பத்திரமோ சிவில் நீதிமன்றத் தீர்ப்போ தனியாக வேண்டும். பணம் கைமாறுவதாக இருந்தால், ஒரு பகுதியை டிடியாக வைத்திருந்து விசாரணை நாளன்று கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

மனுவில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மனுதாரர்கள். முதல் எதிர்மனுதாரர் காவல் ஆய்வாளர் மூலம் அரசு, இரண்டாமவர் புகார்தாரர். எஃப்ஐஆர் அல்லது குற்றப்பத்திரிகை நகல், இரு தரப்பும் வழக்கறிஞர்களும் கையெழுத்திட்ட கூட்டுச் சமரச மனு, புகார்தாரரின் பிரமாண வாக்குமூலம், எல்லோருடைய ஆதார் நகல் ஆகியவற்றை இணையுங்கள். குற்ற எண், சி.சி. எண் (நீதிமன்ற வழக்கு எண்), சர்வே எண் எங்கும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

பெரும்பாலும் மனு தடுமாறுவது, புகார்தாரர் கையெழுத்திட்டும் அடிபட்ட இன்னொருவர் விடுபட்டுப்போவதால். புகார் கொடுத்தவர் அண்ணன், காயம்பட்டவர் தம்பி என்றால் தம்பியும் எதிர்மனுதாரராக வந்து சம்மதம் சொல்ல வேண்டும். விசாரணை நாளில் தரப்பினர் நேரில் வர வேண்டியிருக்கும். காவல் துறையினர் அடையாளம் காட்டுவார்கள். "மிரட்டலா, மனப்பூர்வமா?" என்று நீதிபதி கேட்பார். பதிலில் தயக்கம் தெரிந்தால் மனு நிற்காது.

சமரசம் ஆனாலே ரத்து உறுதி என்று எண்ண வேண்டாம். கியான் சிங் (2012), நரிந்தர் சிங் (2014) தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இது: சிவில் தன்மை மேலோங்கிய தனிப்பட்ட தகராறு என்றால் ரத்து செய்யலாம், கொலை, கொள்ளை போன்ற சமூகத்துக்கு எதிரான கொடுங்குற்ற வழக்குகளை ரத்து செய்யக்கூடாது. சாட்சி விசாரணை முடிந்து தீர்ப்பை எதிர்நோக்கும் கட்டத்தில் நீதிமன்றம் தயங்கும். எனவே சமரசமானதும் தாமதிக்காதீர்கள். எதிர்வழக்கு (மறுதரப்பு உங்கள் மீதோ நீங்கள் அவர்கள் மீதோ போட்ட பதில் வழக்கு) இருந்தால் அதற்கும் தனி மனு போட்டு, இரண்டையும் ஒரே நாளில் பட்டியலிடக் கேளுங்கள். நிலத்தின் சுவாதீனம் யாரிடம் என்று கோட்டாட்சியர் முன் நடக்கும் 145 நடவடிக்கை (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு, இப்போது பிஎன்எஸ்எஸ் 164) தானாக முடியாது. அங்கேயும் சமரச நகலைத் தாக்கல் செய்யுங்கள்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் ஸ்டேஷனிலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வழக்கு முடிக்கப்பட்டதாக அங்கே பதிவாகும்வரை வாய்தாவுக்குத் தவறாமல் ஆஜராகுங்கள். தவறினால் பிடிவாரண்ட் பிறக்கும்.