மலைக்கு அடியில் ரயில்கள் தாமாக நிற்க

என் மாடல் ரயில் அமைப்பில் மலைக்கு அடியில் 5 மறைவுத் தடங்கள் இருக்கின்றன. அங்கே எந்தத் தடத்தில் ரயில் நிற்கிறது என்று கணினிக்குத் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும்.

ஒவ்வொரு தடத்தையும் இரண்டு பகுதிகளாகப் பிரியுங்கள்: நீளமான ஒன்று, வெளியேறும் முனையில் குட்டையான இன்னொன்று. ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் தனி மின்னோட்ட சென்சார் வழியாக டிசிசி (தண்டவாளம் வழியே மின்சாரத்தோடு இன்ஜின்களுக்குக் கட்டளைகளையும் அனுப்பும் டிஜிட்டல் முறை) மின்சாரம் கொடுங்கள். நீளப் பகுதியில் இன்ஜின் நுழைந்ததும் வேகம் குறைய வேண்டும், குட்டைப் பகுதியைத் தொட்டதும் நிற்க வேண்டும். ஜேஎம்ஆர்ஐ, ராக்ரெயில் போன்ற மென்பொருள்களில் இதை அமைக்கலாம்.

சாதாரணப் பெட்டிகள் மின்சாரம் இழுக்காது, அதனால் சென்சாருக்கு அவை தெரியாது. ஒருமுறை என் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி பாயின்ட் (ரயில் தடம் மாறும் இடம்) மேலேயே நின்றுவிட, அடுத்து வந்த ரயில் அதில் மோதித் தடம் புரண்டது. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அன்றே எல்லாக் கடைசிப் பெட்டிகளின் அச்சிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பொருத்தினேன். 15 வோல்ட்டில் அது 1.5 மில்லி ஆம்பியர் இழுக்கும். உங்கள் சென்சார் அவ்வளவு குறைவான மின்னோட்டத்தை உணருமா என்று முதலில் சோதியுங்கள். நுழைவுப் பாயின்டையும் ஒரு சென்சார் பகுதியாக்கி, அது காலியாகும்வரை அடுத்த ரயிலை விடாதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு இன்ஜினின் வேகத்தையும் அளந்து மென்பொருளில் பதியுங்கள். மலையின் பின்பக்கம் கை நுழைய வழி வையுங்கள்.