ப்ரிஸ்டில்கோன் பைன்: தப்பா புரிஞ்சுக்கவும் வேணாம், தப்பா தொடவும் வேணாம்

அமெரிக்காவோட மேற்கு மலைகள்ல வளர்ற ப்ரிஸ்டில்கோன் பைன்ங்கற ஊசியிலை மரத்தைப் பத்தி எங்க தேடினாலும் "உலகத்திலேயே வயசான உயிர்"னு ஒரே வரியில முடிச்சிருப்பாங்க. அந்த வரி பாதிதான் சரி. தனி மரமா நின்னு, தண்டுக்குள்ள வருஷத்துக்கு ஒண்ணா உருவாகற வளையத்தை எண்ணி வயசு உறுதி பண்ணின கணக்குல இதுதான் முதலிடம், கலிஃபோர்னியாவோட ஒயிட் மவுண்டன்ஸ்ல நிக்கற மெத்தூசலாங்கற மரத்துக்கு சுமாரா 4,850 வயசு. (பைபிள்ல 969 வருஷம் வாழ்ந்த அதே மெத்தூசலா பேர்தான்.) ஆனா வேர்ல இருந்து திரும்பத் திரும்ப துளிர்த்து வர்ற மரங்களையும் சேர்த்துக்கிட்டா கதையே வேற, ஸ்வீடன்ல ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தோட வேர்ப்பகுதிக்கு 9,500 வருஷம்னு சொல்றாங்க. சிலியில ஒரு அலெர்ஸே மரம் 5,000ஐ தாண்டியிருக்கலாம்னு 2022ல செய்தி வந்துச்சு, அது நடு வரைக்கும் எண்ணினது இல்ல, எண்ண முடிஞ்சதை எண்ணிட்டு மிச்சத்தை மாடல் வச்சு கணிச்சது. அதனால எண்ணின வயசையும் கணிச்ச வயசையும் ஒரே லிஸ்ட்ல போட்டு யாரு ஃபர்ஸ்ட்னு சண்டை போடாதீங்க. 5,062 வயசு மரம் ஒண்ணு இருக்குன்னும் நிறைய இடத்துல பாப்பீங்க, அந்த மரத்துல இருந்து எடுத்த சாம்பிள்னு காட்ட எதுவும் கிடைக்கல, அதனால அதை உறுதியான கணக்கா எடுத்துக்காதீங்க.

அடுத்தது எனக்கு ரொம்ப உறுத்தற ஒண்ணு. இந்த மரத்தோட போட்டோவை பாத்ததும் "அய்யோ பாவம், எவ்வளவு கஷ்டத்துல எப்படியோ தாக்குப் பிடிச்சிருக்கு"ன்னு எழுதறாங்க. அந்த "எப்படியோ"தான் தப்பு. அந்தக் கஷ்டம்தான் அதை காப்பாத்துது. 3,000 மீட்டருக்கு மேல, வருஷத்துக்கு 30 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் மழையும் பனியும் சேர்த்து, மண்ணுன்னு சொல்ல முடியாத வெளுத்த டோலமைட் கல்லு, அதுல சத்தும் கம்மி. வேற எந்தச் செடியும் அங்க சுலபமா வராது, அப்ப போட்டிக்கு ஆள் இல்ல. தரையில புல் பூண்டு இல்லாததால ஒரு மரத்துல தீ பிடிச்சாலும் அடுத்த மரத்துக்கு போக வழி இல்ல. குளிரும் வறட்சியும் இருக்கறதால மரத்தை உளுத்துப்போக வைக்கற பூஞ்சை அங்க சரியா வளராது. மரம் ரொம்ப மெதுவா வளருது, சில மரம் நூறு வருஷத்துக்கு ஒரு அங்குலம் கூட பெருக்காது, அதனால கட்டை இறுகிப்போய் பிசின் நிறைஞ்சு பூச்சி குடையறதுக்கே கஷ்டமா ஆயிடுது. இதே இனம் கொஞ்சம் கீழ, தண்ணியும் மண்ணும் நல்லா இருக்கற இடத்துல உயரமா நேரா அழகா வளரும், ஆனா அவ்வளவு காலம் இருக்காது. எட்மண்ட் ஷுல்மன்ங்கற விஞ்ஞானி 1950கள்ல இதைத்தான் கண்டுபிடிச்சு எழுதினார், அதுக்கு முன்னாடி பெரிய மரம்தான் வயசான மரம்னு எல்லாரும் ராட்சச செக்வோயா மரத்தையே சுத்தி சுத்தி வந்துட்டு இருந்தாங்க. மெத்தூசலாவோட வயசை 1957ல கண்டுபிடிச்சதும் அவர்தான். 49 வயசுல, 1958 ஜனவரியில இறந்துட்டார், இந்த மரங்களை உலகத்துக்கு காட்டின அவரோட நேஷனல் ஜியாகிரஃபிக் கட்டுரை வெளிவந்தது அந்த மார்ச்ல.

இதோட ஒட்டி வர்ற இன்னொரு தப்பு, மரத்தை பாத்துட்டு "முக்காவாசி செத்துப்போச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான்"னு முடிவு பண்றது. கிட்ட போய் பாத்தா அடிமரம் முழுக்க பட்டை இல்லாம, காத்துல பறக்கற மணலும் பனித்துகளும் தேச்சு தேச்சு பொன்னிறமா பழுப்பா வரிவரியா பளபளன்னு இருக்கும், ஒரு பக்கத்துல மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டைக் கீத்து முறுக்கிக்கிட்டே மேல ஏறும், அது போய் முடியற இடத்துல ஒரே ஒரு கிளை பச்சையா நிக்கும். இந்த மரத்துல ஒவ்வொரு வேரும் தனக்கு நேர் மேல இருக்கற பகுதிக்கு மட்டும்தான் தண்ணி அனுப்பும். ஒரு வேர் மண்ணரிச்சு வெளிய வந்து காஞ்சுபோனா அதுக்கு மேல இருக்கற பாகம் மட்டும் சாகும், மத்தது தன் பாட்டுக்கு இருக்கும். அப்ப அந்த கொஞ்சூண்டு வேர் கொஞ்சூண்டு இலைக்கு மட்டும் சோறு போட்டா போதும், கணக்கு சரியா வந்துடுது, அப்படியே ஆயிரக்கணக்கான வருஷம் ஓட்டிடும். ஊசி இலையும் அப்படித்தான், 30, 40 வருஷம் கூட உதிர்க்காம வச்சிருக்கும், மழை பொய்ச்ச வருஷத்துல புது இலை விடணும்ங்கற செலவே இல்ல. கிழட்டு மரங்களோட திசுக்களையும் இள மரங்களோடதையும் 2001ல ஒப்பிட்டு பாத்தாங்க, வயசானதால தளர்ந்துபோன அறிகுறி எதுவும் தெரியல.

இப்ப தலையாய தப்புக்கு வர்றேன், தரையில கிடக்கற கட்டையை எடுத்துட்டு வர்றது. "மரத்தையா வெட்டினேன், சும்மா கீழ கிடந்த ஒரு துண்டு, ஷோகேஸ்ல வைக்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. தயவு செஞ்சு வேணாம். அங்க குளிருலயும் காஞ்ச காத்துலயும் செத்த கட்டை உளுத்துப்போறதே இல்ல, தேயத்தான் செய்யுது. அதனால நீங்க கையில எடுக்கற துண்டு, இப்ப உயிரோட இருக்கற எந்த மரமும் முளைக்கறதுக்கு முன்னாடியே செத்ததா இருக்கலாம். உயிருள்ள மரத்தோட உள் வளையமும் செத்த மரத்தோட வெளி வளையமும் ஒரே காலத்துல உருவாகியிருந்தா, அகலமும் குறுகலும் மாறி மாறி வர்ற வரிசை ரெண்டுலயும் ஒண்ணா பொருந்தும், அப்படி ஒண்ணோட ஒண்ணு கோர்த்துத்தான் வருஷம் வருஷமா பின்னாடி போறாங்க. அரிசோனா பல்கலைக்கழகத்து மரவளைய ஆய்வுக்கூடத்துல வெஸ்லி ஃபெர்குசன் இந்தக் கட்டைங்களை வச்சு வருஷக்கணக்கா கட்டின வரிசை இன்னைக்கு கிட்டத்தட்ட 9,000 வருஷத்துக்கு போகுது. அதை வச்சு என்ன பண்ணாங்கன்னா, வயசு உறுதியா தெரிஞ்ச வளையத்துல கார்பன் 14 அளந்து பாத்தாங்க (பழைய பொருளோட வயசை கணிக்கற கார்பன் டேட்டிங்குக்கு அடிப்படையே இந்த கதிரியக்க கார்பன்தான்). பாத்தா பழைய காலத்துக்கு போகப் போக கார்பன் டேட்டிங் பல நூறு வருஷம் குறைச்சு காட்டிட்டு இருந்திருக்கு. காத்துல கார்பன் 14 எப்பவும் ஒரே அளவுதான்னு நினைச்சு போட்ட கணக்கு தப்புன்னு ஆச்சு, எல்லாத்தையும் திருத்தினப்ப மேற்கு ஐரோப்பாவோட பெருங்கற்கால கல்லறைங்க சிலது எகிப்து பிரமிடை விடவே பழசுன்னு வந்துச்சு, கிழக்க பாத்து காப்பியடிச்சு கட்டினதுன்னு சொல்லிட்டு இருந்த வாதமே கவுந்துடுச்சு. இவ்வளவும் கீழ கிடந்த கட்டையால வந்தது. அதுல ஒரு துண்டு காணாமப் போனா எந்த நூற்றாண்டோட சாட்சி போச்சுன்னு யாருக்கும் தெரியவே போறதில்ல. சட்டப்படியும் கட்டை, காய், கல்லு எதையும் அங்கிருந்து எடுக்கக் கூடாது.

வளையம் எண்ணறதுன்னா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே போறதுதானேன்னு நினைக்கறதும் தப்புதான். ரொம்ப வறட்சியான வருஷத்துல மரம் சில பக்கம் வளையமே போடாது, அப்ப வெறும் எண்ணிக்கை வயசை குறைச்சு காட்டிடும், அதனால பக்கத்து மரங்களோட ஒப்பிட்டு விட்டுப்போன வருஷத்தை கண்டுபிடிக்கணும். இதுக்கு மரத்தை வெட்டவும் வேணாம், பென்சிலை விட மெல்லிசா ஒரு குச்சி அளவுக்கு துளை போட்டு எடுத்தா போதும். சில வளையத்துல கோடைக்கு நடுவுல உறைபனி அடிச்ச தழும்பு இருக்கும், பெரிய எரிமலை வெடிச்சு வானம் மங்கின வருஷங்களோட அது பல தடவை ஒத்துப் போகுது.

மரத்தை வெட்டறதுன்னு வந்ததும் ப்ரொமீதியஸ்ங்கற மரத்தோட கதைக்கு வந்துதான் ஆகணும். நெவாடாவுல வீலர் பீக் மலை பக்கத்துல 1964 ஆகஸ்ட்ல அதை வெட்டினாங்க, வெட்டின பிறகு டொனால்ட் கரிங்கற ஆராய்ச்சி மாணவர் எண்ணிப் பாத்தா 4,844 வளையம், அது வரைக்கும் தெரிஞ்சதுல எதுக்குமே அவ்வளவு வயசு இல்ல. இதை எல்லாரும் "ஒரு முட்டாள் ஸ்டூடண்ட் டிரில் மாட்டிக்கிச்சுன்னு மரத்தையே வெட்டிட்டான்"னு சொல்லி சிரிக்கறாங்க. அப்படி சொல்றது நியாயமில்ல. அவர் பழைய பனிப்பாறை காலத்தை ஆராய வந்த மாணவர், வனத்துறைகிட்ட கேட்டு அனுமதி வாங்கித்தான் வெட்டினாங்க, டிரில் உடைஞ்சதா மாட்டிக்கிச்சா இல்ல முழு குறுக்குவெட்டுதான் வேணும்னு நினைச்சாரான்னு ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. பழி எல்லாத்தையும் ஒரு ஆள் தலையில கட்டிட்டா, அனுமதி குடுத்தவங்க அந்த மரத்தை சாதாரண மரம்னு நினைச்ச விஷயம் மறைஞ்சுடுது. எனக்கு அதுதான் பெருசா படுது. அதுக்கப்புறம்தான் இந்த இனத்துக்கு பாதுகாப்பு வேணும்ங்கற குரல் பலமாச்சு, 1986ல அந்த இடம் கிரேட் பேசின் தேசியப் பூங்கா ஆச்சு, 1987ல நெவாடா இதை மாநில மரமாவும் அறிவிச்சுச்சு.

நேர்ல போறவங்களுக்கு. மெத்தூசலா எதுன்னு தேடாதீங்க. எந்த மரம்னு வனத்துறை வேணும்னே போர்டு வைக்கல, வச்சா ஆளாளுக்கு ஒரு சீவல் எடுத்துடுவாங்க. ஒயிட் மவுண்டன்ஸ்ல, மேல சொன்ன விஞ்ஞானி பேர்லயே இருக்கற ஷுல்மன் தோப்புல ஏழு கிலோமீட்டர் சொச்ச பாதையில நடந்தாலே அதைத் தாண்டித்தான் போவீங்க. பாதையை விட்டு இறங்கி சரிவுல நடக்காதீங்க, அந்தக் கல்லு பொலபொலன்னு சரியும், வேர் மேலாப்புலதான் ஓடுது, வேர் வெளிய வந்தா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன். போட்டோவுக்காக கட்டை மேல ஏறி உக்கார்றது கண்டிப்பா வேணாம். மலைக்கு கீழ இருக்கற பிக் பைன் ஊர்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள 1,800 மீட்டருக்கு மேல ஏறிடுவீங்க, தலை சுத்தும், மூச்சு வாங்கும், முதல்ல கொஞ்சம் உக்காந்துட்டு நடங்க. தண்ணியும் பெட்ரோலும் கீழயே ரொப்பிக்கோங்க. குளிர்காலத்துல ரோடு மூடிடுவாங்க. ஷுல்மன் தோப்பைத் தாண்டி பேட்ரியார்க்ங்கற இன்னொரு தோப்புக்கு போற ரோடு தார் ரோடு இல்ல, டயர் நல்லா இருந்தா மட்டும் போங்க.

"5,000 வருஷம் எல்லாத்தையும் பாத்துடுச்சு, இதையும் பாத்துக்கும்"ங்கற நம்பிக்கையும் ஆபத்தானது. கலிஃபோர்னியாவோட டெத் வேலி பாலைவனத்துக்கு மேல இருக்கற டெலஸ்கோப் பீக் மலையில கடந்த பத்து வருஷ சொச்சத்துல ஆயிரக்கணக்கான ப்ரிஸ்டில்கோன் செத்துப் போச்சு. கடும் வறட்சியில மரம் பலவீனமாச்சு, பக்கத்துல வேற இன பைன் மரங்கள்ல பெருகின பட்டை வண்டு அதுக்கு தாவிடுச்சு. எந்தக் குளிர் பூச்சியை தூரத்துல வச்சிருந்துச்சோ அந்தக் குளிர் குறையுது. மேல ஏறி தப்பிச்சுக்கட்டும்னா, மலை உச்சிக்கு மேல இடம் கிடையாது, இருக்கற இடத்துலயும் லிம்பர் பைன்ங்கற வேற இனத்து நாத்துங்க இதை முந்திக்கிட்டு மேல முளைச்சுட்டு இருக்கு.

கடைசியா, வீட்ல வளக்க ஆசைப்படறவங்களுக்கு. நர்சரியில ப்ரிஸ்டில்கோன்னு குடுக்கறது பெரும்பாலும் ராக்கி மலையோட ப்ரிஸ்டில்கோன், கொலராடோ, நியூ மெக்ஸிகோ பக்கத்து இனம், அதுல தெரிஞ்ச மூத்த மரத்துக்கே 2,400 வருஷம் சொச்சம்தான். ரெண்டும் வேற வேற இனம்னு 1970லதான் பிரிச்சாங்க, அதனால பழைய புத்தகத்துல ரெண்டும் ஒண்ணா கலந்து கிடக்கும். நல்லா வளரட்டும்னு எருவும் தண்ணியும் அள்ளி ஊத்தினா வேர் அழுகிடும், தண்ணி நிக்காத சரளை மண்ணும் நல்ல வெயிலும் குளிர்ற ராத்திரியும்தான் வேணும், புழுக்கமான ஊர்ல முயற்சி பண்ணாதீங்க. இந்த ராக்கி மலை இனத்தோட இலையை உத்துப் பாத்தா, அஞ்சு அஞ்சா சேர்ந்திருக்கற ஊசி மேல வெள்ளையா பொடிப் பொடியா புள்ளி இருக்கும். செதில் பூச்சி வந்துடுச்சுன்னு பதறி மருந்து அடிக்கறவங்க நிறைய பேர். அது பூச்சி இல்ல, இலையில இருந்து கசிஞ்சு காஞ்ச பிசின், நகத்தால சுரண்டினா உதிரும், கொஞ்சம் தேச்சு மோந்து பாத்தா பைன் வாசனை வரும். மருந்து டப்பாவை எடுத்த இடத்துலயே வச்சுடுங்க.