நெட்வொர்க்கிங்கில் எம்.டெக். சேரும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

கணினி வலையமைப்பை முதுகலையில் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வேறு எதற்கோ தயாராகிறார்கள். வலையமைப்பின் வேலைகளை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை ஒப்பிப்பதும், ஏதோ ஒரு ரௌட்டரின் கட்டளைகளைக் கரைத்துக் குடிப்பதும் வேலைக்கு உதவலாம், வகுப்பில் அதிக தூரம் கொண்டுபோகாது. இந்த இணைப்பு ஏன் மெதுவாக இருக்கிறது, சுமை கூடினால் என்ன ஆகும், அதை எப்படிக் காட்டுவாய் என்றுதான் அங்கே கேட்பார்கள். எம்.டெக். நுழைவுக்கான கேட் தேர்வின் பாடத்திட்டத்தில் ஐபி (முகவரி முறை), ரௌட்டிங் (வழி தேர்வு), டிசிபி (தரவை நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) ஒரு பக்கமும் நிகழ்தகவுப் பரவல்கள் இன்னொரு பக்கமும் வருகின்றன. இரண்டையும் இணைக்கிற வரிசைக் கோட்பாடும் (காத்திருக்கும் வரிசைகளின் கணிதம்), அளந்து பார்க்கும் பழக்கமும் அதில் இல்லை. அவற்றை நீங்களேதான் பழக வேண்டும்.

முதலில் அடிப்படை உறுதியாக இருக்கிறதா என்று இரண்டு கணக்குகளைத் தாளில் போட்டுப் பாருங்கள். 172.16.40.0/22 என்ற வலையில் (முகவரியின் முதல் 22 பிட் வலையைக் குறிக்கும்) 172.16.42.0 என்பதை ஒரு கணினிக்குத் தரலாமா? தரலாம். இந்த வலை 172.16.43.255 வரை நீள்கிறது. கடைசி எண் 0 என்பதாலேயே அது வலை முகவரி ஆகிவிடாது. இங்கே தயங்கினால் வலையைச் சிறு வலைகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்குகளை /24 அல்லாத அளவுகளில் மறுபடி போடுங்கள்.

இரண்டாவது: வேகம் 100 மெகாபிட், போய்வரும் நேரம் 80 மில்லிவினாடி. இணைப்பு நிரம்பி இருக்க எத்தனை பைட் வழியில் இருக்க வேண்டும்? பெருக்கினால் 80 லட்சம் பிட், அதாவது 10 லட்சம் பைட். டிசிபி தலைப்பில் (ஹெடரில்) விண்டோவுக்கு, அதாவது ஒப்புதல் வருமுன் வழியில் இருக்கக்கூடிய பைட் அளவுக்கு, இருப்பதோ 16 பிட். அதிகபட்சம் 65,535 பைட். அதை மட்டும் நம்பினால் வேகம் ஏறக்குறைய 6.5 மெகாபிட்டில் நின்றுவிடும். இதற்காகத்தான் விண்டோவைப் பெருக்கிக் காட்டும் விண்டோ ஸ்கேலிங் 1992இல் வந்தது. அந்தப் பெருக்கு எண் இணைப்பு தொடங்கும்போது ஒரே ஒருமுறை பேசிக்கொள்ளப்படுகிறது. எனவே இணைப்பின் நடுவில் பிடிக்கத் தொடங்கிய வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) பதிவில் விண்டோ பரிதாபமாகச் சிறியதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பெறுநர்தான் மெதுவானவர் என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்தது வரிசைக் கோட்பாடு. அதிக நேரம் இதற்குத்தான் தர வேண்டும். 1500 பைட் பாக்கெட்டை 10 மெகாபிட் இணைப்பில் அனுப்ப 1.2 மில்லிவினாடி ஆகும். அதையே சராசரி அனுப்பு நேரமாக வைத்து, எம்/எம்/1 என்ற எளிய மாதிரியில் (பாக்கெட் வருகையும் அனுப்பு நேரமும் தற்செயலானவை, இணைப்பு ஒன்றே), அந்த நேரத்தை (1 − பயன்பாடு) ஆல் வகுத்தால் சராசரித் தாமதம் கிடைக்கும். பயன்பாடு என்பது இணைப்பு வேலையில் இருக்கும் நேரத்தின் பங்கு. பயன்பாடு 50% என்றால் 2.4, 90% என்றால் 12, 95% என்றால் 24 மில்லிவினாடி. 90இலிருந்து 95க்குப் போகும் ஐந்து விழுக்காடு தாமதத்தை இரட்டிப்பாக்குகிறது. நிஜ இணைப்பில் பாக்கெட்டுகள் கூட்டங்கூட்டமாக வருவதால் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும். அந்த மாதிரி எந்த அனுமானத்தில் உடைகிறது என்று சொல்லத் தெரிவதுதான் பாடம்.

இதைப் பைத்தானில் சிறு நிரலாக எழுதிச் சரிபாருங்கள். 50 விழுக்காட்டில் விடை உடனே பொருந்தும். 95 விழுக்காட்டில் ஆயிரம் பாக்கெட் மட்டும் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும்; வரிசை காலியாகத் தொடங்குவதால் பெரும்பாலும் குறைவாகவே வரும். சில லட்சம் பாக்கெட் ஓட்டுங்கள், தொடக்கப் பகுதியை விலக்குங்கள், வேறு வேறு ரேண்டம் விதைகளில் பத்து முறையாவது ஓட்டிப் பரவலைக் காட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் வந்த வரைபடத்தை வைத்து எழுதிய ஆய்வறிக்கையை எந்த வழிகாட்டியும் திருப்பி அனுப்புவார்.

அல்காரிதம் பக்கம் அவ்வளவு பயமில்லை. மிகக் குறுகிய வழியைக் காணும் டைக்ஸ்ட்ரா, பெல்மன்-ஃபோர்டு இரண்டையும் ஐந்து முனைகளில் கையால் போட்டுப் பாருங்கள். பிறகு ஓர் இணைப்பை அறுத்துப் பாருங்கள். ஆர்ஐபி என்ற ரௌட்டிங் நெறிமுறை ஏன் 16ஐ முடிவிலியாக, அதாவது எட்ட முடியாத தூரமாக, வைத்தது என்று புரியும்.

நிரலில் சி மொழியும் சாக்கெட்டும் (நிரல் வலையோடு பேசும் வாயில்) தவிர்க்க முடியாதவை. ஒரே கணினிக்குள் ஒழுங்காக ஓடிய நிரல் வலை வழியே போனதும் சிதறுவதற்கு முதல் காரணம், ஒருமுறை அனுப்பியது ஒருமுறையிலேயே முழுதாக வந்து சேரும் என்ற நம்பிக்கை. டிசிபி தருவது பைட் ஓட்டம். செய்தியின் எல்லை அதற்குத் தெரியாது. முன்னால் 4 பைட்டில் நீளத்தை எழுதி, அவ்வளவும் வரும்வரை சுழன்று படியுங்கள். எண்ணின் பைட்டுகளை வலையில் போகும் வரிசைக்கு மாற்ற மறந்தால் 8080ஆம் போர்ட் 36895 ஆகிவிடும். சர்வரை நிறுத்தி உடனே தொடங்கும்போது முகவரி பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வந்தால், பழைய இணைப்பு டைம்-வெயிட் (மூடிய பிறகும் சிறிது காத்திருக்கும்) நிலையில் இருக்கிறது. லினக்ஸில் 60 வினாடி காத்திருங்கள், அல்லது முகவரியை மறுபயன்படுத்தும் சாக்கெட் அமைப்பை இயக்குங்கள்.

அளப்பதற்கு வயர்ஷார்க், வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3, செயற்கையாகத் தாமதம் சேர்க்கும் லினக்ஸின் நெட்எம் மூன்றும் போதும். நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டுமே தாமதிக்கும்: ஒரு கணினியில் 40 மில்லிவினாடி வைத்தால் போய்வரும் நேரம் 40தான் கூடும். அதையே லூப்பேக்கில் (கணினி தன்னோடு தானே பேசும் வழி) வைத்தால் இரு திசையும் அதே வழி என்பதால் 80 கூடும். பதிவில் வழக்கமான வரம்பான 1500 பைட்டைத் தாண்டிய பாக்கெட்டுகள் தெரிந்தால் பதற வேண்டாம். துண்டாக்கும் வேலையை நெட்வொர்க் கார்டு பார்த்துக்கொள்கிறது, வயர்ஷார்க் அதற்கு முன்பே படம் பிடித்துவிடுகிறது. பாக்கெட் அளவு முக்கியமான சோதனையானால் அந்த ஆஃப்லோடு வசதிகளை நிறுத்திவிட்டு அளக்கவும்.

மூலத்தைப் படிக்கும் பழக்கத்துக்கு டிசிபியைவிட எளிய நெறிமுறையான யுடிபியின் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணம்) 768 நல்ல தொடக்கம். 1980இல் எழுதியது, மூன்றே பக்கம். டிசிபிக்கு இணையத்தில் பலரும் இன்னும் காட்டுவது 1981இன் 793ஐ. 2022இல் அதன் இடத்துக்கு 9293 வந்துவிட்டது, அதைப் படியுங்கள்.

வயர்லெஸ் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் டெசிபல் கணக்கும், ஓர் இணைப்பின் உச்ச வேகத்தைத் தரும் ஷானன் சூத்திரமும் கூடுதலாக வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், சிக்னல்-இரைச்சல் விகிதம் 20 டெசிபல் என்றால் உச்சவரம்பு 133 மெகாபிட். 88 என்று வந்தால், 20 டெசிபலை 100 மடங்காக மாற்றாமல் 20ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டிருக்கிறீர்கள்.