பழைய பைக்குக்கு மாற்றாக எந்த வண்டியை வாங்குவது?

முதன்முதலாக பைக் வாங்குபவருக்கு இல்லாத ஒரு வசதி, பழைய வண்டியை மாற்ற நினைப்பவருக்கு உண்டு. அவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதற்கு அவர் பல ஆண்டுகள் ஓட்டிய வண்டியே சாட்சியாக வாசலில் நிற்கிறது. ஆகவே புதிய மாடல்களின் காணொளிகளைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, பின்னால் யார் அமர்கிறார், இரவில் வண்டி எங்கே நிற்கிறது, கடந்த இரண்டு ஆண்டுகளில் மெக்கானிக்கிடம் எதற்காகப் போனது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாற்றித்தான் ஆகவேண்டுமா என்பதையும் அந்தத் தாளே சொல்லிவிடும். செயின் ஸ்பிராக்கெட், கிளட்ச் பிளேட், டயர் ஆகியவை தேய்வதற்காகவே உள்ள பாகங்கள். அவற்றுக்கான செலவைக் கண்டு வண்டியை விற்பது அவசரம். சைலன்சரில் நீலப் புகை வந்து, ஆயில் அளவு மாதாமாதம் குறைந்து, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும் செலவு வண்டியின் விற்பனை விலையில் பாதியைத் தாண்டினால், நான் மாற்றவே சொல்வேன். பதிவாகி 15 ஆண்டுகள் நிறைவடையப் போகிறது என்றால், ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் செலவையும் அலைச்சலையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து, நம் ஊரில் எல்லோரும் முதலில் கேட்கும் மைலேஜ். அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஓட்டத்தின் அளவுதான் தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் 100 சி.சி. வண்டியையும் 45 தரும் 150 சி.சி. வண்டியையும் ஒப்பிடுவோம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓட்டுபவருக்கு முதலாவது 200 லிட்டரும் இரண்டாவது ஏறத்தாழ 267 லிட்டரும் குடிக்கும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 6,700 ரூபாய் வித்தியாசம். ஐந்தாண்டில் 33,000 ரூபாயைத் தாண்டிவிடும். அதே 300 நாளில் தினமும் 10 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு வித்தியாசம் ஆண்டுக்கு 1,700 ரூபாய்கூட இல்லை. அவர் மைலேஜுக்காக மனத்துக்குப் பிடிக்காத வண்டியை வாங்கி, பத்தாண்டு அதைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தேவையில்லை.

பின்னிருக்கைதான் பலர் கோட்டைவிடும் இடம். சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக அமரும் மனைவியோ தாயோ வாரத்தில் நான்கு நாள் உடன் வருகிறார் என்றால், பின்பக்கம் உயர்ந்து குறுகிப் பிளவுபட்ட இருக்கை கொண்ட வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்கள் வீட்டுக்கு ஏற்றதன்று. நீண்ட ஒற்றை இருக்கை, கைக்கு எட்டும் பிடி, சேலைக் காப்புக் கம்பி, கால் வைக்கும் பலகை ஆகிய நான்கையும் அவரையே உட்காரவைத்துப் பாருங்கள். எடையும் அவ்வாறே. ஸ்பிளெண்டர் போன்ற வண்டி ஏறத்தாழ 112 கிலோ. கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. சாலையில் ஓடும்போது தெரியாத அந்த 83 கிலோ, குறுகிய சந்தில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளி, சரிவான வாசற்படியில் ஏற்றும் ஒவ்வோர் இரவும் தெரியும்.

125 சி.சி.யைத் தாண்டுவதற்கு வலுவான ஒரு காரணம் பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது, அதற்குட்பட்டவற்றுக்கு இரு சக்கர பிரேக்குகளையும் இணைக்கும் சி.பி.எஸ். போதும் என்று விதித்தார்கள். மழையிலும் நெடுஞ்சாலையிலும் அடிக்கடி ஓட்டுபவர் ஏ.பி.எஸ். உள்ளதையே எடுக்கலாம். அதற்கேற்பச் செலவும் ஏறும்: 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, புதிய வண்டிக்கு எடுக்கவேண்டிய ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, 75 முதல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய், 150ஐத் தாண்டி 350 வரை 7,365 ரூபாய், வரி தனி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்பதால், அந்த எல்லையைத் தாண்டுபவர் இருமுறை யோசிப்பது நல்லது.

பட்டியல் இரண்டு மூன்று வண்டிகளாகச் சுருங்கிய பிறகே ஷோரூமுக்குப் போங்கள். அங்கே ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கிவிடாமல், வழக்கமாகப் பின்னால் அமர்பவரை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள், சந்தில் திருப்புங்கள், சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். கார்புரேட்டர் வண்டியிலிருந்து மாறுபவர், 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்தபின் அநேகமாக எல்லா வண்டிகளிலும் உள்ள எரிபொருள் இன்ஜெக்‌ஷன் அமைப்பு பேட்டரியை நம்பியே இயங்குகிறது என்பதையும், சில மாடல்களில் கிக்கரே இல்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். உங்கள் மெக்கானிக் அந்த வண்டியைத் தொடுவாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஆன்ரோடு விலையை மொத்தமாக வாங்காமல், வண்டி விலை, சாலை வரி, காப்பீடு, கூடுதல் பொருத்தங்கள் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பேரம் பேச இடம் இருப்பது கடைசி இரண்டில்தான்; காப்பீட்டை அந்த ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் வெளியே விற்றாலும், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நில்லாமல், ஆர்.சி.யில் பெயர் மாறியதை இணையத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சொந்தச் சேதக் காப்பீட்டில் இழப்பீடு கோராமல் சேர்த்த போனஸ் இருந்தால், அதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் பெற்று, புதிய வண்டியின் பாலிசி எழுதும்போதே கொடுத்துவிடுங்கள். அதன் சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 50 சதவீதம் வரை கழிவு கிடைக்கும்.