சந்தைக் கோழியை அன்றிரவே கூட்டில் அடைக்காதீர்கள்

போன வாரம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் பைக்கில் கோழிக்கூடையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "அக்கா, சந்தையில் மலிவாகக் கிடைத்தது. மூன்று பெட்டை. வீட்டிலிருக்கும் எட்டோடு விட்டால் பதினொன்று ஆகிவிடும்" என்றான். கூடைக்குள் ஒரு கோழி அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் வந்து இறங்கினேன்.

தண்ணீர் மாற்றுங்கள், கூட்டைக் கூட்டுங்கள் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் கோட்டைவிடும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

புதுக் கோழியை உடனே சேர்ப்பது

அப்போது என்னிடம் பத்தொன்பது கோழிகள். நாளுக்கு ஏழெட்டு முட்டை கிடைத்தது. இருட்டியபின் விட்டால் சண்டை வராது என்று யாரோ சொன்னதை நம்பி, சந்தையில் வாங்கிய இரண்டை அன்றிரவே கூட்டுக்குள் விட்டேன். சண்டை வரவில்லை. ஐந்தாம் நாள் காலை ஒன்று இரை எடுக்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுவரோரம் நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போயிருந்தது. அடுத்த நாள் இன்னொன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது; தீவனத்தைக் கொத்தப் போனால் அலகு தட்டுக்கு வெளியே தரையில் இடித்தது. பத்து நாளில் மிஞ்சியவை மூன்று.

வெள்ளைக்கழிச்சல். இராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். வைரஸால் வருவது, வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. நான் பதறிப்போய்ப் போட்ட தடுப்பூசியும் வீண். தொற்றிய கோழியில் நோய் தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. அதனால் சந்தையில் துறுதுறுவென்று இருந்ததே என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

மூன்று வாரம் தனியாக வையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனி. முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, பிறகே புதியவற்றிடம் போங்கள். திரும்பும்போது கைகால் கழுவுங்கள். இடமில்லை என்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். பின்கட்டில் கோழியை மூடும் பெரிய பஞ்சாரக் கூடை ஒன்றைக் கவிழ்க்க இடமில்லையா? செத்த கோழியைக் கண்மாய்க் கரையில் வீசுகிறவர்களையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாய் அதை அடுத்த தெருவுக்கு இழுத்துப் போகும். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

பத்துக் கோழிக்கு எதற்கு ஊசி என்பது

வெள்ளைக்கழிச்சல் வராமல் தடுக்க, குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கானது. கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள், ஐஸ் வைத்துக் கொண்டுவாருங்கள். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் முகாமையும் தவறவிடாதீர்கள்.

நொய்யும் தவிடும் மட்டும் போடுவது

காரைக்குடிக்குப் பக்கத்துப் புதுவயலில் அரிசி ஆலைகள் இருப்பதால் எங்கள் பக்கத்தில் இரண்டும் எளிதாகக் கிடைக்கும். வயிறு நிறையும், ஆனால் முட்டை ஓடு கெட்டிப்படாத தோல்முட்டையாக விழும். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அது எங்கிருந்தாவது வர வேண்டும். என் கோழிகள் பின்கட்டில் உதிர்ந்து கிடந்த காரைப் பூச்சைக் கொத்தித் தின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவர் அது; கோழி தேடியது அந்தச் சுண்ணாம்பிலிருக்கும் கால்சியத்தை. கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டியதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடாதீர்கள், சிறுநீரகம் கெடும்.

சேவல்

முட்டைக்குத் தேவையில்லை. குஞ்சுக்குத்தான்.

இரவு

மரநாய் கூரை வழியாக இறங்கும். மேலேயும் கம்பிவலை போடுங்கள்.

வெயில்

வெறும் தகரக் கூரை வேண்டாம். மேலே கீற்று வேயுங்கள்.

தம்பியின் மூன்று கோழிகளையும் அன்றே புளியமரத்தடியில் பஞ்சாரம் போட்டு அடைக்கச் சொன்னேன். இன்று ஆறாம் நாள். கண் மூடியிருந்த கோழி நேற்றிரவு செத்துவிட்டது. வீட்டுக் கோழிகள் எட்டும் இரை எடுக்கின்றன. மிச்சமிருக்கும் இரண்டுக்கும் நாள் கணக்கை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.